எர்த் சோதனை: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: சார், பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பு போட்டேன். நன்றாக எரிகிறது. எர்த் சரிதானே?

அப்படிச் சொல்ல முடியாதுங்க. எரியும்போது அந்தப் பல்பின் தடை சுமார் 530 ஓம். உங்கள் எர்த்தின் தடை 50 ஓம் என்றாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதே 50 ஓமில், பேஸ் கம்பி கிரைண்டர் பாடியில் உரசினால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) அசையாது, பாடியில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். இன்னொன்று: எர்த் கம்பி வழியில் அறுந்திருந்தால், இந்தப் பல்பு வழியாகவே வீட்டு இரும்புப் பாடிகளில் கரண்ட் ஏறும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஒரே எர்த் குழி. எர்த் மெக்கரில் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) ஒருவர் 2 ஓம் என்றார், இன்னொருவர் 7 என்கிறார். யாரை நம்புவது?

ஸ்பைக்கை (மெக்கரோடு இணைத்து மண்ணில் அடிக்கும் கம்பி) எங்கே அடித்தார்கள் என்று கேளுங்கள். மெயினை நிறுத்தி, குழிக் குழாயிலிருந்து வீட்டுக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கரண்ட் ஸ்பைக் குழியிலிருந்து 30 மீட்டரில். அதே நேர்கோட்டில் வோல்டேஜ் ஸ்பைக் 18.5 மீட்டரில், அதாவது 62 சதவீதத்தில். அப்புறம் நடு ஸ்பைக்கை மட்டும் முன்னே 3 மீட்டர், பின்னே 3 மீட்டர் நகர்த்திப் பாருங்கள். மூன்று ரீடிங்கும் ஒட்டி வந்தால் அதுதான் உண்மை. நகர்த்த நகர்த்த ஏறிக்கொண்டே போனால் கரண்ட் ஸ்பைக் போதுமான தூரத்தில் இல்லை. நடு ஸ்பைக் குழியை ஒட்டி இருந்தால் ரீடிங் குறைவாகத்தான் காட்டும். அந்த 2 ஓம் மேல் எனக்குச் சந்தேகம். முந்தின நாள் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் இப்படி வரும். சித்திரை வெயிலில், மண் காய்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள்.

கேள்வி: கிளாம்ப் டெஸ்டர் (எர்த் கம்பியைக் கவ்வி அளக்கும் கருவி) போதாதா அண்ணே?

ஒற்றைக் குழி வீட்டுக்கு உதவாது. கரண்ட் சுற்றி வர இன்னொரு எர்த் வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு எத்தனை ஓம் போதும்?

5 ஓமுக்குள் கொண்டுவரப் பாருங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 5 ஓமில் 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி விழப் பல நொடிகள்கூட ஆகலாம். அதற்குள் குழந்தை பாடியைத் தொட்டுவிட்டால்? 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணையும் சுவிட்ச்) கட்டாயம் போடுங்கள். ஆனால் அதன் டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அமுக்கினால் விழும்.