சின்ன மெயில் பட்டியல் நடத்துவது எப்படி: கேள்வி பதில்

இணையதளத்தில் வாசகர்கள் தாங்களே விரும்பிச் சேரும் சின்ன மெயில் பட்டியல்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் பட்டியலில் 180 பேர். எல்லோரையும் ஜிமெயிலின் பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத இடம்) போட்டு மாதம் ஒரு மெயில் அனுப்புகிறேன். இது போதாதா?

பதில்: பத்து இருபது பேர் என்றால் போதும். 180 பேருக்குப் போதாது. ஒரே ஒரு முறை கை தவறி முகவரிகளை சிசியில் ஒட்டிவிட்டால், எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. விலக நினைப்பவர் உங்களுக்குப் பதில் எழுத வேண்டும். நீங்கள் மறக்காமல் நீக்க வேண்டும். தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் முடியாது.

மெயில் பட்டியலுக்கென்றே உள்ள ஒரு சேவைக்கு மாறுங்கள். முகவரிகள் உங்களிடமே இருக்க வேண்டும் என்றால் லிஸ்ட்மாங்க், பிஎச்பிலிஸ்ட் போன்ற திறமூல மென்பொருளை உங்கள் சர்வரில் நிறுவலாம். ஆனால் மெயிலை வெளியே அனுப்பும் வேலையை மட்டும் அந்தச் சர்வரிடம் விடாதீர்கள். முன்பின் தெரியாத ஐபி முகவரியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய மெயில் நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அதற்கு மட்டும் ஓர் அனுப்பும் சேவையை இணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படிவத்தில் முகவரி கொடுத்தவருக்கு "உறுதி செய்யுங்கள்" என்று மெயில் போகிறது. பாதிப் பேர் அதை அழுத்துவதே இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். முகவரியைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து மாறினாலே உங்கள் மெயில் யாரோ ஒருவருக்குப் போகும். அது சின்னத் தொந்தரவுதான். பெரிய ஆபத்து வேறு. ஒருவருடைய மெயில் பெட்டியை மூழ்கடிக்க நினைப்பவர்கள், அவர் முகவரியை ஆயிரக்கணக்கான தளங்களின் படிவங்களில் பாட் (தானாக இயங்கும் புரோகிராம்) வைத்து நிரப்புவார்கள். அந்த வெள்ளத்தில் வங்கியிலிருந்து வரும் உண்மையான எச்சரிக்கை அவர் கண்ணில் படாமலே போகும். உறுதி செய்யும் கட்டம் இல்லாத படிவம் இதற்கு நேரடியாக உதவுகிறது. கட்டம் இருந்தால் உங்களிடமிருந்து ஓரிரு மெயில் போவதோடு நின்றுவிடும்.

பாதிப் பேர் அழுத்தவில்லை என்றால் அந்த மெயிலையும் அதற்கு முந்தைய பக்கத்தையும் பாருங்கள். படிவத்தை அனுப்பியதும் வெறும் "நன்றி" மட்டும் காட்டினால் யாருக்குத் தெரியும், இன்னொரு வேலை மீதி இருக்கிறது என்று? இப்படி எழுதலாம்: "இன்னும் ஒரு படி இருக்கிறது. உங்கள் மெயில் பெட்டியில் 'சந்தாவை உறுதி செய்யுங்கள்' என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்திருக்கும். இல்லையென்றால் ஸ்பேம் பகுதியைப் பாருங்கள்." அந்த மெயிலில் படம் வேண்டாம், வரவேற்புரை வேண்டாம். இரண்டு வரி, ஒரு லிங்க், "நீங்கள் கேட்கவில்லை என்றால் இதை விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி. சில நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் அசையாதவரின் முகவரியை அழித்துவிடுங்கள்.

கேள்வி: அதே விஷயம்தான். உறுதி லிங்க்கை அழுத்தியதாகப் பதிவாகியிருக்கிறது, ஆனால் "நான் அழுத்தவே இல்லை" என்கிறார் ஒருவர். எப்படி?

பதில்: அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். பல அலுவலகங்களில் வரும் மெயிலில் உள்ள லிங்க்குகளைப் பாதுகாப்பு மென்பொருள் தானாகவே திறந்து சோதிக்கும். லிங்க் திறந்த உடனேயே உங்கள் தளம் அவரைச் சேர்த்துவிட்டால், சம்மதம் சொன்னது மனிதர் அல்ல, இயந்திரம். லிங்க் ஒரு பக்கத்துக்குப் போகட்டும். அங்கே "ஆம், சேருகிறேன்" என்ற பட்டனை அழுத்தினால்தான் பதிவாக வேண்டும். புரோகிராம் எழுதுபவரிடம் "கெட் கோரிக்கையில் (பக்கத்தைத் திறப்பது) எதுவும் மாறக் கூடாது, போஸ்ட்டில்தான் (பட்டனை அழுத்தி அனுப்புவது) மாற வேண்டும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். மெயில் பட்டியலிலிருந்து ஒரே அழுத்தில் விலகுவதற்கான ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தரநிலை 2017-ல் வந்தபோது போஸ்ட்டைத் தேர்ந்ததும் இந்தத் தொல்லையால்தான்.

கேள்வி: படிவத்தில் பெயர், போன், பிறந்த நாள் எல்லாம் கேட்கலாமா? சம்மதப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கலாமா?

பதில்: மெயில் முகவரி போதும், விருப்பமிருந்தால் பெயர். உங்களிடம் இல்லாத தகவல் திருடு போகாது. முன்கூட்டியே போட்ட டிக் சம்மதம் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. சம்மதம் கிடைத்ததை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான் என்கிறது. ஆகவே ஒவ்வொரு முகவரியோடும் சேர்ந்த தேதி, நேரம், எந்தப் படிவம், அதில் அன்று இருந்த வாசகம் ஆகியவற்றைப் பதிந்து வையுங்கள்.

கேள்வி: சேர்ந்தவர்களுக்கே என் மெயில் ஸ்பேமில் விழுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் டொமைனின் (உங்கள் தளப் பெயரின்) டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது அந்தப் பெயரைப் பற்றி இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய அமைப்புகளை, சரிபாருங்கள். உங்கள் பெயரில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப். மெயிலில் இடும் மின்கையொப்பம் டிகிம். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், எல்லா அனுப்புநரிடமும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நீங்கள் 200 பேருக்குத்தான் அனுப்பினாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி, கணினியில் "ஷோ ஒரிஜினல்" திறந்தால் மூன்றுக்கும் நேரே "பாஸ்" இருக்கிறதா என்று தெரியும். பட்டியல் சேவை வழியாக அனுப்பும்போது அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போடாதீர்கள், சொந்த டொமைன் முகவரியே இருக்கட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஸ்பேமில் விழுந்தால், வாசகர்களே "ஸ்பேம்" பட்டனை அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது கூகுளின் அறிவுரை. 200 பேரில் ஒருவர் அழுத்தினாலே 0.5 ஆகிவிடும். சின்னப் பட்டியலில் ஒவ்வொருவரும் அவ்வளவு முக்கியம்.

கேள்வி: விலகுபவர் லாகின் செய்து காரணம் எழுதிவிட்டுப் போகட்டும் என்று வைத்திருக்கிறேன். ஏன் போகிறார்கள் என்று தெரிய வேண்டுமே!

பதில்: உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனாலும் அந்தப் பூட்டை உடனே எடுங்கள். போக நினைப்பவருக்குக் கதவு திறக்கவில்லை என்றால் கைக்கு எட்டும் அடுத்த பட்டன் "ஸ்பேம்"தான். அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பேம் சட்டப்படி, வணிக மெயிலிலிருந்து விலகுபவரிடம் மெயில் முகவரியைத் தவிர வேறு விவரம் கேட்கக் கூடாது. 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். ஜிடிபிஆர் இன்னும் தெளிவு: சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். இதைச் சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, நம்பி முகவரி கொடுத்தவருக்குக் காட்டும் மரியாதையாகச் செய்யுங்கள்.

மெயிலின் தலைப்பகுதியில் (வாசகர் கண்ணில் படாத தொழில்நுட்ப வரிகள்) லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் வரி இருந்தால், ஜிமெயில் போன்றவை அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே விலகும் பட்டனைக் காட்டும். அப்புறம் காரணம் கேட்பது? விலகிய பிறகு வரும் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி வையுங்கள். எழுத விரும்புபவர் எழுதட்டும்.

கேள்வி: பவுன்ஸ் ஆகும் (மெயில் போய்ச் சேராமல் திரும்பி வரும்) முகவரிகளை உடனே நீக்க வேண்டுமா?

பதில்: திரும்பி வந்த அறிவிப்பில் உள்ள எண்ணைப் பாருங்கள். 4-ல் தொடங்கினால் தற்காலிகம், காத்திருங்கள். 5-ல் தொடங்கினால் நிரந்தரம். ஆனால் 550-ஐ மட்டும் பார்த்து நீக்கிவிடாதீர்கள். கூடவே 5.1.1 இருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை, நீக்கிவிடுங்கள். 5.7.1 இருந்தால் முகவரி சரி, உங்கள் மெயிலைத்தான் தடுத்திருக்கிறார்கள். அங்கே வாசகரை நீக்காதீர்கள், மேலே சொன்ன டிஎன்எஸ் பதிவுகளைச் சரிபாருங்கள்.

கேள்வி: ஒரு வருடமாக மெயிலைத் திறக்காதவர்களை நீக்கலாமா?

பதில்: திறந்தாரா இல்லையா என்பதே நம்பகமான கணக்கு இல்லை. மெயிலில் உள்ள படம் இறங்கினால்தான் "திறந்தார்" என்று கணக்கு வைக்கிறார்கள். 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் தனியுரிமை வசதி, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். உங்கள் பக்கம் "திறந்தார்" என்று காட்டும். படங்களை முடக்கி வைத்து ஒவ்வொரு வரியும் படிப்பவர் "திறக்கவில்லை" என்று இருப்பார். "தொடர்ந்து அனுப்பட்டுமா?" என்று ஒரு மெயில் அனுப்பிக் கேளுங்கள். பதிலே இல்லாதவர்களை மட்டும் நீக்குங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்து சிலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. முழுக் கடிதத்தையும் படமாக அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். படம் முடக்கியவருக்கு வெற்று மெயில்தான் தெரியும், திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்கு எதுவுமே கேட்காது. யுனிகோடில் எழுதி, எழுத்துக் குறியீட்டு முறை யுடிஎஃப்-8 என்று மெயிலில் குறிப்பிட்டால் போதும். அளவில் மட்டும் கவனம் வையுங்கள். யுடிஎஃப்-8-ல் 'அ' மூன்று பைட், 'கொ' ஆறு பைட். வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குப்பையும் சேரும். ஏறத்தாழ 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். அடியில் இருக்கும் விலகல் லிங்க்கும் அதோடு போய்விடும்.

கேள்வி: பட்டியலை நிறுத்தப் போகிறேன். இதே விஷயத்தில் எழுதும் நண்பர், முகவரிகளைத் தனக்குக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அவர்கள் சம்மதித்தது உங்களுக்கு. கடைசி மெயிலில் நண்பரின் தளத்தைப் பற்றி நாலு நல்ல வரி எழுதி, அவருடைய படிவத்துக்கு லிங்க் கொடுங்கள். வேண்டியவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வார்கள். அந்த மெயில் போனதும் சேவையில் உள்ள பட்டியலை அழியுங்கள். கணினியில் இறக்கி வைத்த ஸ்ப்ரெட்ஷீட், தளத்தின் பேக்கப், படிவத்திலிருந்து உங்கள் மெயிலுக்கு வந்த அறிவிப்புகள் ஆகிய மூன்று இடங்களிலும் முகவரிகள் இருக்கும். அவற்றையும் தேடி அழித்துவிடுங்கள்.