சாகிற செல்லை உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோடிக்கணக்கான நல்ல செல்களுக்கு நடுவே சாகப்போகும் செல்லை மட்டும் நோய் எதிர்ப்பு செல்கள் எப்படிப் பொறுக்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீசன் நேரத்தில் சேலத்தில் ஒரு மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். கடைக்கார அம்மா கட்டைவிரலால் தொட்டே, காம்போரம் கறுக்கத் தொடங்கிய பழத்தைத் தனியே எடுத்துப் போட்டுவிடுவார். அது உடைந்து சாறு வழிந்தால் கூடையே நாறிவிடும். மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்லும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது.

அது தொட்டுப் பார்ப்பது பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற கொழுப்பை. நலமாக இருக்கும் செல் இதைச் சவ்வின் உள்பக்கமே வைத்திருக்கும். வெளியே நழுவினால் ஒரு என்சைம் உடனே உள்ளே தள்ளிவிடும். செல் சாகத் தொடங்கியதும் காஸ்பேஸ்கள் என்ற, புரதங்களை வெட்டும் என்சைம்கள் அந்த என்சைமையே வெட்டிவிடுகின்றன. கொழுப்பு வெளியே வந்து நிற்கும். ‘என்னைத் தின்னு’ என்பதற்கு அதுதான் அடையாளம். கூடவே ஏடிபி (செல்லின் எரிபொருள்) போன்ற மூலக்கூறுகள் கசிந்து மேக்ரோபேஜை வரவழைக்கும். நல்ல செல்லின் மேல் சிடி47 என்ற புரதம் இருக்கும், ‘தொடாதே’ என்று அர்த்தம். (புற்றுநோய் செல்கள் இதை அதிகமாகப் போர்த்திக்கொண்டு ஏமாற்றும், அது தனிக் கதை.)

சரி, அள்ளத் தவறினால்? செல் உடைந்து உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளியே சிதறும். எதிர்ப்பு செல்கள் சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயில் நடக்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.