மவுஸைத் தூக்கிப் போடும் முன்: கேள்வி பதில்

பன்னிரண்டு வருடமாக எங்கள் தெருவில் யாருடைய மவுஸ் மக்கர் பண்ணினாலும் அது என் மேஜைக்குத்தான் வரும். டைப்பிங் சென்டர், டியூஷன் டீச்சர் வீடு, பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேப் என்று பல இடத்து மவுஸ்களைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். உள்ளே இருக்கும் சிப் கெட்டுப்போய் வந்தது மிக அபூர்வம். கெடுவதெல்லாம் அசையும் பாகங்கள்தான்: பட்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச், வளைந்து வளைந்து தேயும் ஒயர், நடுவில் சுழலும் சக்கரம். மூன்றையுமே வீட்டில் சரிசெய்யலாம்.

பதில்களுக்குப் போகும் முன் எல்லோருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு மவுஸில் இல்லை. வீணாகப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: சார், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு தடவை கிளிக் பண்ணினாலே ஃபைல் திறந்துகொள்கிறது. ஃபைலைப் பிடித்து இழுத்தால் பாதி வழியில் நழுவி வேறு ஃபோல்டரில் விழுகிறது. வைரஸாக இருக்குமா?

பதில்: வைரஸ் இல்லைங்க. இடது பட்டனின் ஸ்விட்ச் தளர்ந்துவிட்டது. என்னிடம் வருவதில் அதிகம் இந்தக் கோளாறுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டனுக்கு அடியில் கறுப்பாக, ஒன்றேகால் சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் மைக்ரோ ஸ்விட்ச். உள்ளே வில் மாதிரி ஒரு மெல்லிய தகடு. நீங்கள் அழுத்தும்போது 'டிக்' என்று கேட்பது அந்தத் தகடு புரளும் சத்தம். எந்த ஸ்விட்சாக இருந்தாலும் உலோகம் உலோகத்தைத் தொடும்போது லேசாகத் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க, சிப் சில மில்லி செகண்டுகள் பொறுத்துப் பார்க்கும். தகட்டின் விறைப்பு குறைந்து, முனையிலும் கறுப்பு படிந்துவிட்டால் துள்ளல் அந்த நேரத்தைத் தாண்டி நீளும். அப்போது ஒரு அழுத்தல் இரண்டாகப் பதிவாகும். விண்டோஸில் நாம் எதையும் மாற்றாத வரை, 500 மில்லி செகண்டுக்குள் வரும் இரண்டு கிளிக்கும் டபுள் கிளிக்தான். ஃபைல் திறந்துகொள்வது அதனால்தான். இழுக்கும்போது நழுவுவதற்கும் இதுவே காரணம்: விரல் அழுத்தியபடி இருக்க, உள்ளே தொடர்பு ஒரு கணம் விட்டுப்போகிறது.

நிறைய மவுஸ்களில் இருப்பது ஓம்ரான் கம்பெனியின் டி2எஃப்சி-எஃப்-7என் வகை ஸ்விட்ச். பின்னால் 10எம், 20எம் என்று போட்டிருந்தால் ஒரு கோடி, இரண்டு கோடி அழுத்தல் தாங்கும் என்று பொருள். அப்படியிருந்தும் சீக்கிரம் கெடுவது ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். பெரிய ஸ்விட்சுகளில் கரண்ட் அதிகம் ஓடுவதால், தொடும் முனையில் எழும் சிறு பொறியே அங்குள்ள அழுக்கை எரித்துவிடும். மவுஸில் ஓடும் கரண்ட் மிகச் சொற்பம். அழுக்கு அப்படியே தங்கிவிடும்.

முதலில் எளிய வைத்தியம். மவுஸைத் திறந்து, ஸ்விட்சின் மேலிருக்கும் சின்ன வெள்ளைக் குமிழைச் சுற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (எலக்ட்ரானிக்ஸ் பாகங்களைத் துடைக்கும் ஸ்பிரிட்) இரண்டு சொட்டு விட்டு, ஐம்பது அறுபது தடவை அழுத்தி, அரை மணி நேரம் காயவிடுங்கள். படிந்த அழுக்குதான் காரணம் என்றால் இதிலேயே சரியாகிவிடும். சில நாளில் பழையபடி ஆனால் தகடு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவரை கடை ஓட வேண்டுமே என்றால், விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் இடது வலது பட்டன்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, திறங்கள் என்று சொல்கிறீர்கள். என் மவுஸில் ஸ்க்ரூவே இல்லையே?

பதில்: இருக்கிறது தம்பி, ஒளித்து வைத்திருப்பார்கள். கவிழ்த்துப் பாருங்கள். வழுக்கி ஓடுவதற்காக ஒட்டியிருக்கும் பாதங்களுக்கு அடியில் ஒன்றிரண்டு இருக்கும். அங்கே இல்லையென்றால் கம்பெனி ஸ்டிக்கர் மேல் நகத்தால் அழுத்தித் தடவுங்கள். பள்ளமாக அமுங்கும் இடத்தில் ஸ்க்ரூ இருக்கும். பேட்டரி மவுஸ் என்றால் பேட்டரிக் குழிக்குள்ளும் பாருங்கள். பாதத்தை ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி எடுத்தால் பசை கிழியாது, திரும்ப ஒட்டலாம். ஸ்க்ரூ கழன்ற பிறகும் முன்பக்கம் கொக்கி பிடித்திருக்கும். பின்பக்கத்தைத் தூக்கி மெதுவாக முன்னே தள்ளுங்கள். சில மாடல்களில் மேல் மூடிக்கும் கீழ் போர்டுக்கும் நடுவில் பட்டையான ஒயர் ஓடும். ஒரே இழுப்பாக இழுத்தால் அது கிழிந்துவிடும்.

கேள்வி: ஸ்விட்சையும் திறக்கலாமா? சால்டரிங் அயர்ன் என்னிடம் இல்லை.

பதில்: திறக்கலாம். பொறுமையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு உட்காருங்கள். ஸ்விட்சின் பக்கவாட்டில் மூடியைப் பிடித்திருக்கும் சிறு கொக்கிகள் தெரியும். பிளேடு முனையை அங்கே நுழைத்துச் சற்றே விலக்கினால் கறுப்பு மூடி கழன்று வரும். கூடவே வெள்ளைக் குமிழும் வரும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தரையில் விழுந்தால் கிடைப்பது கஷ்டம். நான் இப்படித் தொலைத்த இரண்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இப்போது தகடு தெரியும். செம்பு நிறம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதன் நடுவில் நாக்கு மாதிரி ஒரு பட்டை வெட்டி வளைத்திருப்பார்கள். அந்த நாக்கின் நுனி உள்ளே ஒரு சிறு பள்ளத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். தகட்டுக்கு விறைப்பு கொடுப்பதே அதுதான். கழற்றும் முன் செல்போனில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது நிச்சயம் தேவைப்படும். பிறகு ட்வீசரால் தகட்டை எடுத்து, நாக்கு இப்போது இருப்பதைவிடச் சற்றே கூடுதலாக விலகி நிற்கும்படி வளையுங்கள். அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம். ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டால் தொடும் முனைகளைத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். தகட்டின் பின்பக்கத்தை முதலில் கொக்கியில் மாட்டி, பிறகு நாக்கைப் பள்ளத்தில் உட்காரவைத்து, ஊசி முனையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 'டிக்' என்று புரண்டால் மூடலாம்.

கேள்வி: புது ஸ்விட்ச் போடுவதென்றால்? எங்கே கிடைக்கும், எதைக் கேட்க வேண்டும்?

பதில்: சென்னையில் இருந்தால் ரிச்சி தெரு. வெளியூர் என்றால் ஆன்லைனில் வாங்கலாம். பழைய ஸ்விட்சைக் கழற்றி, மூன்று காலும் அதே உயரமும் உள்ளதா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். சத்தம் வராத மவுஸில் இருப்பது வேறு வகை, அதற்கு இது பொருந்தாது. எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே மாட்ட வேண்டும் என்பதால் கழற்றும் முன்பே போர்டில் மார்க்கர் புள்ளி வையுங்கள்.

ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பலர் தடுமாறுவது பழைய ஈயத்தை எடுக்கும்போதுதான். இப்போதைய போர்டுகளில் காரீயம் இல்லாத சால்டர் போடுகிறார்கள். அது உருக 217 டிகிரி போல வேண்டும். நாம் வாங்கும் 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் முதலில் புது ஈயத்தைக் கொஞ்சம் அந்தக் காலில் சேர்த்து உருக்கிவிட்டு, பிறகு பம்ப்பால் உறிஞ்சுங்கள். இரண்டும் கலந்து சுலபமாக வரும். ஒரே இடத்தில் மூன்று நான்கு செகண்டுக்கு மேல் அயர்னை வைத்தால் போர்டின் செம்புக் கோடு பெயர்ந்துவிடும்.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால், ஓரமாகக் கிடக்கும் செத்த மவுஸின் வலது ஸ்விட்சைப் பாருங்கள். வலது பட்டனை நாம் எவ்வளவு அழுத்துகிறோம்? பெரும்பாலும் புதுசு மாதிரியே இருக்கும்.

கேள்வி: ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் வேலை செய்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது.

பதில்: ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. மவுஸுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் கழுத்து இருக்கிறதே, அநேகமாக அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். மவுஸைத் திறந்து, ஒயர் போர்டில் செருகியிருக்கும் கனெக்டரை உருவி, மல்டிமீட்டரைப் பஸ்ஸரில் (தொடர்பு இருந்தால் 'பீப்' என்று கத்தும் நிலை) வைத்து, ஒரு முனையை யூஎஸ்பி பின்னிலும் மறுமுனையை அந்தக் கனெக்டரிலும் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒயரை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் அதுதான் அறுந்தது.

கழுத்துக்கு இருபுறமும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிடுங்கள். மீதி ஒயரைச் சீவி, கனெக்டர் பக்கத்துத் துண்டோடு நிறத்துக்கு நிறம் சேர்த்து ஈயம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். ஸ்லீவை ஈயம் வைப்பதற்கு முன்பே ஒயரில் கோத்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் ஒயரில் சிவப்பும் கறுப்புமே இல்லை. ஆரஞ்சு, நீலம் என்று என்னென்னவோ இருக்கிறது.

பதில்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா என்பது பொது வழக்கம். எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. நிறத்தை நம்பாமல் பின்னை நம்புங்கள். யூஎஸ்பி பிளக்கில் நான்கு பட்டைகள்: ஒரு ஓரத்தில் 5 வோல்ட், மறு ஓரத்தில் கிரவுண்ட், நடுவில் இரண்டும் டேட்டா. பஸ்ஸர் வைத்து எந்த நிறம் எங்கே போகிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டேட்டா இரண்டும் மாறினால் மவுஸ் தெரியாது, திரும்ப மாற்றிக்கொள்ளலாம். 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறினால் மவுஸ் போய்விடும்.

கேள்வி: அண்ணே, கீழே போக ஸ்க்ரோல் பண்ணினால் பக்கம் மேலே துள்ளுகிறது. எக்செல்லில் வேலை பார்க்கவே முடியவில்லை.

பதில்: சக்கரத்தின் அச்சு ஒரு பக்கம் நுழைந்திருக்கும் சதுரப் பெட்டிதான் என்கோடர். உள்ளே இரண்டு தகடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தொடும். எது முதலில் தொடுகிறது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று சிப் முடிவு பண்ணுகிறது. அழுக்கால் ஒன்று தவறினால் திசை மாறிவிடும். அச்சு நுழையும் ஓட்டையில் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, இரண்டு பக்கமும் ஐம்பது சுற்று சுற்றுங்கள். பெட்டியை மூடியிருக்கும் உலோகக் காதுகள் தளர்ந்திருந்தால் சின்னக் குறடால் மெல்ல இறுக்குங்கள். அப்படியும் துள்ளினால் மாற்ற வேண்டியதுதான். 7, 9, 11 மி.மீ. என்று பல உயரங்களில் வருவதால் ஸ்கேலில் அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்றும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக் களிம்பாக்கிவிடும்.

கேள்வி: அம்பு தானாக நடுங்குகிறது. கண்ணாடி மேஜை.

பதில்: கண்ணாடிதான் காரணம். ஆப்டிகல் மவுஸ் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. சிவப்பு விளக்கு மவுஸ்களில் வந்த ஏடிஎன்எஸ்-2610 என்ற சென்சார் செகண்டுக்கு 1500 படம் எடுக்கும், ஒவ்வொன்றும் வெறும் 18க்கு 18 புள்ளி. அடுத்தடுத்த படங்களில் மேஜையின் சொரசொரப்பு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துத்தான் அம்பை நகர்த்துகிறது. கண்ணாடியில் அதற்கு எதுவும் தெரியாது. கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள். தாளிலும் நடுங்கினால் மவுஸைக் கவிழ்த்து லென்ஸ் குழியைப் பாருங்கள். ஒரு முடி கிடந்தாலே போதும், காது குடையும் பட்ஸால் எடுத்துவிடலாம்.

கேள்வி: ஒயர்லெஸ் மவுஸ். பென் டிரைவ் போட்டால் மட்டும் திக்கித் திக்கி நகர்கிறது.

பதில்: ரிசீவரை நீல நிற யூஎஸ்பி போர்ட்டில், பென் டிரைவுக்குப் பக்கத்தில் செருகியிருப்பீர்கள். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் இரைச்சல், ஒயர்லெஸ் மவுஸ் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை எதிர்ப்பக்கத்துக் கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகித் தள்ளி வையுங்கள். மவுஸைப் பிரிக்க வேலையே இல்லை.

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்து பார்த்தால் பேட்டரி ஒழுகி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

பதில்: அது காரம், வெறும் கையால் தொடாதீர்கள். பட்ஸை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்பிரிங் முழுக்க அரித்திருந்தால் பழைய ரிமோட்டில் இருந்து எடுத்து மாட்டலாம். சார்ஜ் போடும் மவுஸில் உள்ளே பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் குத்தவோ அமுக்கவோ கூடாது. சார்ஜ் போடுவதை நிறுத்தி, பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தம்பி, மவுஸுக்குள்ளே இருந்து எறும்பு வருகிறது!

பதில்: டீ சிந்தியிருக்கும் அம்மா. பூச்சி மருந்து அடிக்காதீர்கள், பிளாஸ்டிக்கும் லென்ஸும் மங்கிவிடும். கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி, சர்க்கரைப் பிசுக்கை ஆல்கஹாலால் முழுவதும் துடைத்தெடுங்கள். இனிப்பு போனால் எறும்பு தானாகப் போகும்.

கேள்வி: மேல்பாகம் பிசுபிசு என்று கையில் ஒட்டுகிறது.

பதில்: ரப்பர் பூச்சு இளகிவிட்டது. ஈரக்காற்று அடிக்கும் ஊர்களில் இது சகஜம். ஆல்கஹால் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சு மொத்தமும் வந்துவிடும், அடியில் நல்ல பிளாஸ்டிக் இருக்கும்.

கேள்வி: முதலில் கேட்ட ஜெராக்ஸ் கடைக்காரன்தான் சார். சொட்டு வைத்தியம் நாலு நாள்தான் தாங்கியது. ஸ்விட்சைத் திறந்து நாக்கை வளைத்தேன். இப்போது டபுள் கிளிக் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் பட்டன் கல் மாதிரி இருக்கிறது, சாயங்காலத்துக்குள் விரல் வலிக்கிறது.

பதில்: திறந்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நாக்கு கொஞ்சம் அதிகமாக வளைந்துவிட்டது, அவ்வளவுதான். திரும்ப எடுத்து, வளைத்ததில் பாதி அளவுக்கு மட்டும் தணியுங்கள். ஒரே முயற்சியில் முடித்துவிடுங்கள், திரும்பத் திரும்ப வளைத்தால் நாக்கு ஒடிந்துவிடும். மேல் மூடியைப் போடும் முன் ஒரு விரலால் வலது ஸ்விட்சையும் இடது ஸ்விட்சையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அழுத்தத்தில், ஒரே சத்தத்தில் புரண்டால் ஸ்க்ரூவை முடுக்கிவிடலாம்.