ஆவாரை: உங்கள் கேள்விகள்

விதை போட்டு ஒரு மாதமாகியும் முளைக்கவில்லையே? (மதுரை)

தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு விதையுங்கள். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள்.

செடி வாடுகிறது, என்ன செய்ய?

தொட்டியா தரையா, வெயில் எவ்வளவு, தண்ணீர் எப்படி, எதுவும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? தினமும் ஊற்றுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். ஆவாரை கரட்டிலும் புறம்போக்கிலும் தானாக வளர்வது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

தேன்பெட்டி வைத்திருக்கிறேன். ஆவாரை நட்டால் தேன் கூடுமா? (ஈரோடு)

கூடாது. ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தம்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வரும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு 'ர்ர்' என்று உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அதற்குத் தும்பை, துளசி வையுங்கள்.

பச்சைப் புழு இலையைத் தின்கிறது. எந்த மருந்து அடிக்கலாம்? (கோவை, சேலம், இன்னும் பலர்)

எதையும் அடிக்காதீர்கள். இந்த மாதமும் இதே கேள்விதான் அதிகம். பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று நட்டுவிட்டு, அது முட்டையிட்டதும் மருந்தைத் தேடுகிறீர்கள். அந்தப் புழுதான் வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சியாகவும், சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சியாகவும் பறக்கப்போகிறது. அவை முட்டையிடுவது ஆவாரை, கொன்றை போன்ற செடிகளில்தான். உங்கள் வீட்டில் கொன்றுவிட்டால் அடுத்து எங்கே போகும்? இரண்டு வாரம் போல தின்னும், அப்புறம் கூட்டுப்புழுவாகிவிடும். வளர்ந்த செடி மறுபடி துளிர்க்கும். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்கிறார்கள். இயற்கைதான், புழுவையும் கொல்லும். நாற்று மிகச் சின்னதாக இருந்தால் மட்டும் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய ஆவாரைச் செடிக்கு மாற்றுங்கள். மருந்து வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன்.

நர்சரியில் ஆவாரை என்று கொடுத்தார்கள். பூ மணி மாதிரி தொங்குகிறது. (திருச்சி)

அது டெகோமா, அமெரிக்கச் செடி. ஆவாரம்பூவில் ஐந்து இதழ் தனித்தனியாக விரியும், காய் தட்டையாக இருக்கும். அடுத்தமுறை பூவைப் பார்த்து வாங்குங்கள்.

எப்போது கவாத்து செய்வது?

பொங்கலுக்குக் காப்புக்கட்டப் பூ பறித்தபின், காய்த்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். வெட்டினோமே என்று தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள்.