கேள்வி பதில்: பாவெல் செஸ்னோகோவ், குரல்களை மட்டுமே நம்பிய இசையமைப்பாளர்

ரஷ்ய தேவாலய இசை என்றதும் எல்லாரும் ரக்மானினவின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவரைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை, அதனால் இந்த முறை செஸ்னோகோவ். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இந்தப் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1877-இல் மாஸ்கோவுக்குப் பக்கத்தில், இன்றைய இஸ்த்ரா ஊர்ப் பகுதியில் பிறந்தவர். அப்பாவும் கோவிலில் பாடகர் குழுவை நடத்தியவர்தான், ஆக வீட்டுத் தொழில். சின்ன வயதிலேயே மாஸ்கோ சினோடல் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். தேவாலயப் பாட்டுக்கென்றே ஆட்களைத் தயார் செய்த பள்ளி அது. அந்தப் பள்ளியின் குழு கிரெம்ளினில் உள்ள உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் பாடும். 1895-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அப்புறம் தனேயெவ் என்ற இசையமைப்பாளரிடம் தனியாகப் போய், பல குரல் வரிகளைப் பின்னிப் பின்னி எழுதும் வித்தையைக் கற்றுக்கொண்டார்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பள்ளிகளில் பாட்டு வாத்தியாராகவும் மாஸ்கோ கோவில்களில் குழுத் தலைவராகவும் பல வருடம் வேலை பார்த்து, பெயரும் புகழும் வந்தபிறகு, 1913-இல், கிட்டத்தட்ட 36 வயதில், மாஸ்கோ கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 1917-இல் படித்து முடித்தார். முடித்த வருடத்தைக் கவனியுங்கள், அதன் கதை கீழே வரும்.

மொத்தம் சுமார் 500 குழுப்பாடல்கள் எழுதியிருக்கிறார், பெரும்பாலானவை வழிபாட்டுக்கானவை. சிம்பொனி, ஓபரா என்று பெயர் சொல்லும்படி எதுவும் கிடையாது. அதனால்தான் இசை வரலாற்றுப் புத்தகங்கள் இவரை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஏன் சார் ஆர்கன்கூட வைத்துக்கொள்ளவில்லை? ஆர்கன் இல்லாத சர்ச் இசையை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் வாத்தியத்துக்கு இடமில்லை. மணி வெளியே அடிக்கும், உள்ளே மனிதக் குரல் மட்டும்தான். இதை ஒரு குறையாக நினைத்தால் இந்த இசை பிடிபடாது. வாத்தியம் இல்லாததால்தான் குரலிலேயே வாத்தியக் குழுவின் எல்லா வேலையையும் வாங்கக் கற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: 'ஸ்பசேனியே சொதேலால்' என்ற பாட்டை அவர் எழுதினாரே தவிர, தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்று படித்தேன். உண்மையா? படித்ததும் கண் கலங்கிவிட்டது.

கண் கலங்க வைப்பதற்கென்றே சுற்றும் கதை அது. நிகழ்ச்சிக் கையேடுகளில் ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் எழுதுகிறார்கள். பாட்டு எழுதியது 1912-இல், அச்சானது 1913-இல். கோவில் இசைக்கு வழியை அடைத்த புரட்சி வந்தது 1917-இல். நடுவில் இருந்த வருடங்களில் இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? மாஸ்கோவில் கோவில் பாடகர் குழு நடத்திக்கொண்டிருந்தார். கையில் ஒரு குழுவை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை நற்கருணை நேரத்துக்கென்று தானே எழுதிய பாட்டைப் பாடவைக்காமல் இருந்தார் என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

பாட்டுக்கே வருவோம், கதையைவிட அது எவ்வளவோ மேல். 25-வது ஓபஸில் (ஓபஸ் என்றால் இசையமைப்பாளரின் படைப்பு வரிசை எண்) ஐந்தாவது பாட்டு. வார்த்தை 74-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரே ஒரு வரி, பூமியின் நடுவில் இரட்சிப்பைச் செய்தவர் என்று, கடைசியில் அல்லேலூயா. மெட்டு அவருடையதில்லை, கியெவ் மரபிலிருந்து வந்த பழைய மெட்டு. முதலில் ஆண் குரல்கள் மட்டும், தாழ்வாக, சோகம் தட்டும் மைனர் ஸ்வர வரிசையில். அடுத்து சோப்ரானோவும் ஆல்ட்டோவும் (பெண்களின் மேல் குரலும் கீழ்க் குரலும்) நுழைகிற இடத்தில் ஒலி சட்டென்று விரிகிறது, முடிவதற்குள் வெளிச்சமான மேஜருக்கு வந்துவிடுகிறோம். சப்தத்தைக் கூட்டியதால் மட்டும் இந்த விளைவு வரவில்லை. ஆட்களைச் சேர்த்து, வரிகளைப் பிரித்து, மேலும் கீழும் இடைவெளியை அகலமாக்கியதில் வருகிறது. ஒருமுறை பேஸ் வரியை (ஆண்களின் அடிக்குரல்) மட்டும் காதால் பிடித்துக்கொண்டு கேளுங்கள், அப்புறம் மேல் வரியை மட்டும். அவர் என்ன செய்தார் என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இது பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுக்கள் எல்லாம் வாசிக்கிற உருப்படியாகிவிட்டது. வாத்தியமே கூடாது என்ற மரபில் பிறந்த பாட்டுக்கு டியூபாவும் டிராம்போனும்! நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குரலில் கேட்டுவிட்டு அதற்குப் போங்கள்.

கேள்வி: யூடியூபில் ஒருவர் பூமிக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரலில் இவருடைய பாட்டைப் பாடுகிறார். அது நிஜக் குரலா, ஏதாவது எஃபெக்ட் போட்டிருக்கிறார்களா?

நிஜக் குரல்தான் தம்பி. அப்படிப்பட்டவர்களை ஆக்டாவிஸ்ட் என்பார்கள். சாதாரண பேஸ் பாடகர் பாடும் வரியை அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாடுவதால் அந்தப் பெயர். நீங்கள் கேட்டது 40-வது ஓபஸில் ஐந்தாவதாக வரும் 'நே ஒத்வெர்ஷி மெனே' என்று ஊகிக்கிறேன். 71-ஆம் சங்கீதத்தில் "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும்" என்று வருமே, அந்த வசனம்தான். அந்த மன்றாட்டைத் தனியாகப் பாடும் பொறுப்பை இந்த அடிக்குரலிடம் கொடுத்திருக்கிறார். மேலே குழு பாடிக்கொண்டிருக்கும், கீழே இந்த ஒற்றைக் குரல்.

எவ்வளவு கீழே என்று தெரிய வேண்டுமானால் ஒரு பியானோவின் இடது ஓரத்துக்குப் போங்கள். அங்கிருந்து ஏழாவது வெள்ளைக் கட்டையை அழுத்துங்கள். ஜி என்ற அந்த ஸ்வரம் வரைக்கும் இந்தப் பாட்டு இறங்குகிறது, நொடிக்கு 49 அதிர்வுதான். பியானோவிலேயே அது உறுமலாகத்தான் கேட்கும், இவர்கள் அதில் வார்த்தையை உச்சரிக்கிறார்கள். ரக்மானினவ் தன் 'இரவு முழு வழிபாடு' தொகுப்பில் ஒரு பாட்டின் முடிவில் பேஸ்களைக் கீழ் பி ஃபிளாட் ஸ்வரம் வரை இறக்கியபோது, 1915-இல் அதை முதன்முதலில் நடத்திய டனிலினே இப்படிப்பட்ட பேஸ்களுக்கு எங்கே போவது என்று தலையை ஆட்டினாராம். செஸ்னோகோவ் அதைவிடவும் கீழே போகிறார்.

ஆனால் வழக்கமாக ஆக்டாவிஸ்டின் வேலை இப்படி முன்னால் வந்து நிற்பதல்ல. இரண்டு பேர் பின்வரிசையில் நின்று மெதுவாகக் கீழ் ஸ்தாயியைப் பிடித்துக்கொண்டால் போதும். தனியாக அவர்கள் குரல் காதில் விழாது, அவர்கள் நிறுத்தினால் மட்டும் என்னமோ காணோமே என்று தோன்றும். நம் கச்சேரியில் தம்புரா நின்றுபோனால் எப்படியோ அப்படி. இன்று பாடுகிறவர்களில் விளாடிமிர் மில்லரைத் தேடிக் கேளுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் கோவிலுக்குப் பாட்டு எழுதலாமா? அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

நல்ல கேள்வி, இதில் ஒரு கோர்ட் வழக்கே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி, பீட்டர்ஸ்பர்க் அரசவைப் பாடகர் குழுவின் இயக்குநர் கையெழுத்து இல்லாமல் புதுத் தேவாலய இசை எதையும் அச்சிட முடியாது. 1878-இல் சைக்கோவ்ஸ்கி முழு வழிபாட்டுக்கும் இசை எழுதினார். யூர்கென்சன் என்ற பதிப்பாளர் அந்தக் கையெழுத்தைக் கேட்காமலே அச்சடித்தார். இயக்குநர் பஹ்மேத்தெவ் பிரதிகளைப் பறிமுதல் செய்ய வைத்தார். யூர்கென்சன் விடவில்லை, வழக்குப் போட்டு ஜெயித்தார். கதவு திறந்தது. பின்னால் வந்த கஸ்தால்ஸ்கி, கிரெச்சனினவ், செஸ்னோகோவ் எல்லாரும் அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்கள்தான்.

இன்னொரு பக்கம் ஸ்மொலென்ஸ்கி. சினோடல் பள்ளியின் இயக்குநர், செஸ்னோகோவுக்கு ஆசிரியர். இத்தாலிய, ஜெர்மன் பாணியைப் பார்த்து எழுதியது போதும், நம் பழைய ரஷ்யக் கோவில் மெட்டுகளை, ஸ்னாமென்னி மெட்டுகளை, எடுத்துப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர். ரக்மானினவ் தன் 'இரவு முழு வழிபாட்டை' அவர் நினைவுக்குத்தான் சமர்ப்பித்தார்.

கேள்வி: நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இவர் இசை கொஞ்சம் சர்க்கரை அதிகமாகத் தெரிகிறது. ரக்மானினவின் கம்பீரம் இதில் எங்கே?

எதற்குக் கோபம்? அவர் காலத்திலேயே இருந்த குற்றச்சாட்டுதான். பழைய மெட்டுக்கு அடியில் வரவேற்பறைப் பாட்டுக்குரிய ஸ்வரக் கூட்டுகளை வைக்கிறார், கோவிலுக்கு இது கொஞ்சம் சொகுசு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சில பாட்டுகளில் எனக்கும் அப்படித் தோன்றும். 24-வது ஓபஸில் தவக்காலத்துக்கான 'டா இஸ்ப்ராவித்சா', அதாவது "என் விண்ணப்பம் தூபமாக" என்ற சங்கீதம், அழகோ அழகு, ஆனால் நோன்பு நாளுக்கு அவ்வளவு அழகு தேவையா என்று கேட்டால் என்னிடம் சண்டைக்கு ஆயுதம் இல்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். ரக்மானினவ் எழுதியதைப் பாட சினோடல் குழு மாதிரி ஒரு பிரமாதமான குழு வேண்டும். செஸ்னோகோவ் ஒவ்வொரு ஞாயிறும் பாட வருகிறவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்து எழுதினார். எந்த வரியும் தொண்டையைக் கஷ்டப்படுத்தாது, ஆல்ட்டோக்களுக்குக்கூட சுவாரசியமான வேலை இருக்கும். ஆல்ட்டோ பாடியவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

கேள்வி: புரட்சிக்குப் பிறகு இப்படிப்பட்டவர் எப்படித் தாக்குப்பிடித்தார்? சிறைக்குப் போனாரா? நாட்டைவிட்டுப் போனாரா?

இரண்டும் இல்லை. தம்பி அலெக்சாந்தரும் இசையமைப்பாளர்தான், அவர் பாரிசுக்குப் போய்விட்டார். பாவெல் மாஸ்கோவிலேயே இருந்தார்.

1918-இல் தேவாலயத்தை அரசிலிருந்து பிரிக்கும் ஆணை வந்தது. அதே வருடம் சினோடல் பள்ளியை மூடி, மக்கள் குழுப்பாடல் அகாடமி என்று பெயர் மாற்றினார்கள்; 1923-இல் அது கன்சர்வேட்டரிக்குள் கரைந்துபோனது. வழிபாட்டு இசையை அச்சிட வழி அடைபட்டது. கன்சர்வேட்டரியை முடித்துவிட்டு வெளியே வந்தவருக்கு எதிரே நின்ற உலகம் இதுதான். ஆனால் குழு நடத்தத் தெரிந்தவரை எந்த ஆட்சியும் சும்மா விடாது. அரசுப் பாடகர் குழுவை நடத்தினார், 1920 முதல் சாகும்வரை கன்சர்வேட்டரியில் பாடம் எடுத்தார், 1930-களின் தொடக்கத்தில் போல்ஷோய் அரங்கிலும் பாடகர் குழுவைப் பார்த்துக்கொண்டார். நாட்டுப்புறப் பாட்டுகளைக் குழுவுக்கு ஏற்றபடி எழுதினார். 1920-களில் பெரும்பகுதி கோவில் குழுவையும் விடாமல் வைத்திருந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

பிறகு 1931. கிறிஸ்து மீட்பர் பேராலயத்தை டிசம்பர் 5-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் சோவியத் மாளிகை கட்டுவதாகத் திட்டம். அது எழவேயில்லை, பிற்பாடு அங்கே நீச்சல் குளம் வந்தது, இப்போது நிற்பது மறுபடி கட்டிய பேராலயம். அங்கே கடைசிக் குழுத் தலைவர் செஸ்னோகோவ்தான் என்றும், இடித்த அதிர்ச்சியில் எழுதுவதையே விட்டுவிட்டார் என்றும் சொல்வது வழக்கம். அதிர்ச்சி இருந்திருக்கும், யாருக்குத்தான் இருக்காது. ஆனால் அவருடைய வழிபாட்டுப் பாடல்களில் பெரும்பாலானவை 1917-க்கு முன்பே எழுதப்பட்டவை. பாட இடம் குறைந்து, அச்சிட ஆள் இல்லாமல்போய், பேனா பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நின்றது. ஒரே நாளில் நின்றதாகச் சொன்னால் கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1944 மார்ச் 14, போர்க்காலம், மாஸ்கோவில் இறந்தார். ரொட்டி வரிசையில் நின்றபோது மாரடைப்பு என்பார்கள். கல்லறை அங்கே வகான்கோவோ கல்லறைத் தோட்டத்தில்.

கேள்வி: அவர் ஒரு புத்தகம் எழுதியதாகவும் கேள்விப்பட்டேன்?

'பாடகர் குழுவும் அதை நடத்துவதும்', 1940. பல வருட உழைப்பு. வழிபாட்டு இசை பேசக் கூடாத காலத்தில், அங்கே கற்றதை எல்லாம் தொழில்நுட்பமாக எழுதி வைத்துவிட்டார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். குழு என்றால் கூட்டமாகப் பாடுவது மட்டும் இல்லை, குரல்களின் சமநிலை, சுருதி சுத்தம், நுணுக்கம் மூன்றும் இருந்தால்தான் குழு என்கிறார்.

அதில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு குரல் பகுதிக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஏன்? ஒருவர் மூச்சு எடுக்கும்போது மீதி இரண்டு பேர் பாடிக்கொண்டிருப்பார்கள், வரி அறுபடாது. நான்கு பகுதிக்கு 12 பேர், சின்னக் குழு தயார்.

கேள்வி: அண்ணா, எங்கள் சர்ச் கொயரில் சரியாக 12 பேர்தான்! பேஸ் மூன்று பேர், அதில் ஒருவர் டெனர் மாதிரி, குரல் மேலேதான் போகும். இவர் பாட்டு எதையாவது தொடலாமா?

தொடுங்கள், 'ஸ்பசேனியே'யிலிருந்தே ஆரம்பியுங்கள். டெனரும் பேஸும் இரண்டாகப் பிரிகிற இடங்களில் உங்களுக்கு ஆள் போதாது, அங்கே கீழ் ஸ்தாயியை விட்டுவிட்டு மேல் வரியைப் பாடுங்கள். ஆக்டாவிஸ்டைத் தேடி அலைய வேண்டாம், இல்லாத குரலை அழுத்தி வரவழைத்தால் தொண்டைதான் போகும். மொழி ஸ்லாவோனிக் (ரஷ்யக் கோவில் வழிபாட்டின் பழைய மொழி), வார்த்தை கொஞ்சம்தான், தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால் சீக்கிரம் பழகிவிடும். முக்கியமாக, எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எடுக்கும்போது நீங்கள் எடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வேகத்தைக் குறைக்கும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுத்தால் சுருதி இறங்கும்.

கேள்வி: நோட்ஸ் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அவர் இறந்து 80 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இந்தியச் சட்டப்படி காப்புரிமை எப்போதோ முடிந்தது. ஐஎம்எஸ்எல்பி, சிபிடிஎல் என்ற இரண்டு இணைய இசை நூலகங்களிலும் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கில வார்த்தை போட்ட பதிப்புகளில் வரிகளைக் கூட்டியும் மாற்றியும் வைத்திருப்பார்கள், அதனால் ஸ்லாவோனிக் வார்த்தை உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.