அலமாரியில் கிடைத்த வெர்னியர் கிரோனோஸ்கோப்பை ஓட வைக்கலாமா?

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் உளவியல் துறையில் பணிபுரிகிறேன். லேப் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, எதிர்வினை நேரத்தை அளக்கும் பழைய ஊசல் கருவியான வெர்னியர் கிரோனோஸ்கோப் ஒன்று கிடைத்தது. ஸ்டாண்டும், விரலால் அழுத்தும் இரண்டு கீயும் நன்றாக இருக்கின்றன. பித்தளை கறுத்திருக்கிறது, ஊசல் நூல்கள் இற்றுப்போய்விட்டன. நூலை மாற்றினால் போதுமா? அதில் வரும் அளவை மாணவர்கள் ரெக்கார்டில் எழுதலாமா, இல்லை காட்சிக்கு வைத்துவிடலாமா?

பதில்: தாராளமாக ஓட வைக்கலாம். ஆனால் நூலை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது, அப்புறம்தான் தொடங்கும். இந்தக் கருவியில் கடிகாரம் என்று தனியாக எதுவும் கிடையாது. அந்த நூலின் நீளம்தான் கடிகாரம்.

1890களில் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வகத்தைக் கவனித்துவந்த எட்மண்ட் சான்ஃபோர்ட் இதை உருவாக்கினார். அன்று வசதியான ஆய்வகங்கள் வைத்திருந்தது ஹிப் கிரோனோஸ்கோப். விநாடிக்கு 1000 முறை அதிரும் எஃகுத் தகட்டின் கட்டுப்பாட்டில் ஓடும் அருமையான இயந்திரம்தான். ஆனால் விலை அதிகம், மின்காந்தம், பேட்டரி என்று தொல்லையும் அதிகம். சாதாரண வகுப்பறைக்கு ஒத்துவராது. சான்ஃபோர்ட் அதற்குப் பதிலாக இரண்டு ஊசல்களைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான். இரண்டு ஊசல்கள் எப்போது ஒன்றுசேர்கின்றன என்று பார்க்கும் உத்தியைப் புவியீர்ப்பை அளந்தவர்கள் அவருக்கு வெகுகாலம் முன்பே கையாண்டார்கள். அவர்களில் ஒருவரான ஹென்றி கேட்டர், இளமையில் வில்லியம் லாம்ப்டன் என்ற நில அளவையாளரோடு நம் பக்கத்தில் நில அளவை செய்தவர்.

நீள ஊசல் ஒரு முழு அலைவுக்கு 0.80 விநாடி எடுக்கும், குட்டை ஊசல் 0.78 விநாடி. ஆய்வாளர் தன் கீயை அழுத்தியதும் நீள ஊசல் கிளம்பும், அதே கணத்தில் ஒலியோ ஒளியோ தூண்டலாக வரும். தூண்டலை உணர்ந்தவர் தன் கீயை அழுத்தியதும் குட்டை ஊசல் கிளம்பும். பின்னால் கிளம்பிய குட்டை ஊசல் ஒவ்வொரு அலைவிலும் 0.02 விநாடி எட்டிப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து ஆடும்வரை குட்டை ஊசலின் அலைவுகளை எண்ணி, 0.02-ஆல் பெருக்கினால் எதிர்வினை நேரம் கிடைத்துவிடும். 9 அலைவு என்றால் 0.18 விநாடி. ஊசல் கிளம்பும் கணம் ‘பூஜ்யம்’, முதல் அலைவை முடித்துத் திரும்பும்போதுதான் ‘ஒன்று’. மாணவர்கள் கிளம்பும்போதே ‘ஒன்று’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வகுப்பின் எல்லா அளவிலும் 0.02 கூடுதலாக நிற்கும்.

சரி, நூலுக்கு வருவோம். தொங்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை நீள ஊசலுக்குச் சுமார் 15.9 செ.மீ., குட்டைக்குச் சுமார் 15.1 செ.மீ. இருக்க வேண்டும். வித்தியாசம் வெறும் 8 மி.மீ. இதில் ஒரு நூல் 1 மி.மீ. மாறினாலே அலைவு நேரம் 0.0025 விநாடி மாறும். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் நமக்கு முக்கியமான 0.02-ல் அது எட்டில் ஒரு பங்கு! அதனால் தையல் நூல் வேண்டாம், அது இழுபடும், மழைக்காலத்தில் நீளமும் மாறும். தூண்டில் நரம்பு சுருண்டு நிற்கும். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய பின்னல் நூல் நல்லது. பழைய நூல் ‘வி’ வடிவில் இரட்டையாகத் தொங்கியிருந்தால் அப்படியே கட்டுங்கள், ஒற்றை நூலில் குண்டு வட்டமடிக்கும். கட்டிய பிறகு குண்டோடு ஒரு நாள் தொங்கவிட்டு, நூல் இழுபட்டு நின்றபின் சரிபாருங்கள்.

சரிபார்க்க எல்லோரும் முதலில் ஸ்டாப்வாட்ச்சைத்தான் எடுப்பார்கள். நீள ஊசல் 50 முறை ஆட 40 விநாடி, குட்டைக்கு 39. பொதுவாக நீளம் சரியா என்று பார்க்க இது போதும். ஆனால் உங்கள் கட்டைவிரல் 0.2 விநாடி முன்பின் ஆனாலே ஓர் அலைவுக்கு 0.004 பிழை, அதாவது 0.02-ல் ஐந்தில் ஒரு பங்கு. இதைவிட நல்ல வழி கருவிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கீயையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். சேர்ந்து கிளம்பும் ஊசல்கள் பிரிந்து, எதிரெதிராக ஆடி, மறுபடி ஒன்றுசேரும். அப்போது குட்டை ஊசல் 40 அலைவும் நீளமானது 39 அலைவும் முடித்திருக்க வேண்டும், 31.2 விநாடியில். 40-க்குப் பதில் 36-ல் சேர்ந்தால் வித்தியாசம் கூடிவிட்டது என்று பொருள்: 0.80-ஐ 36-ஆல் வகுத்தால் 0.022. நூலின் நீளத்தை மாற்றும் திருகாணியை லேசாகத் திருப்பி மீண்டும் பாருங்கள். சரியாக 0.02 வந்தே ஆக வேண்டும் என்று மல்லுக்கட்டவும் வேண்டாம். வந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஸ்டாண்டில் கட்டிவிட்டு அதனாலேயே பெருக்கச் சொல்லுங்கள்.

பலரும் கோட்டை விடுவது வீச்சில்தான், அதாவது குண்டை எவ்வளவு தள்ளி இழுத்து விடுகிறோம் என்பதில். ஊசலின் நேரம் வீச்சைப் பொறுத்து மாறாது என்று பள்ளியில் படித்தது சின்ன வீச்சுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரு குண்டு 20 டிகிரியிலிருந்தும் மற்றது 10 டிகிரியிலிருந்தும் கிளம்பினால், அதனாலேயே அலைவுக்கு 0.0045 விநாடி வித்தியாசம் வரும். கீயை அழுத்தும்வரை குண்டைப் பிடித்திருக்கும் இரண்டு பிடிகளும் அதை ஒரே அளவு, குறைவாக இழுத்துப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். பிடி வளைந்திருந்தால் நூலைத் தொடும் முன் அதை நிமிர்த்த வேண்டும்.

எண்ணுபவர் இரண்டு குண்டும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி பக்கவாட்டில் உட்கார வேண்டும். இரண்டு, மூன்று அலைவுகள் ஒன்றுசேர்ந்தது போலவே தெரியும். முதலில் சேர்ந்ததாகத் தோன்றிய எண்ணுக்கும் கடைசியாகத் தோன்றிய எண்ணுக்கும் நடுவை எடுங்கள். கண்ணை நம்பச் சங்கடமாக இருந்தால் போனில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணலாம், தவறில்லை.

ரெக்கார்டில் எழுதலாமா? எழுதலாம். ஒவ்வொரு தனி அளவும் 0.02 விநாடி முன்பின் இருக்கும், 20 முறை செய்து சராசரி எடுத்தால் ஒலிக்கான எதிர்வினை நேரத்துக்கும் ஒளிக்கானதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். ஆய்வேட்டுக்கு மட்டும் வேண்டாம். அதற்காக போன் ஆப் காட்டும் மூன்று இலக்கத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு முறை மாறவே ஏறக்குறைய 0.017 விநாடி ஆகிறது, தொடுதிரையின் தாமதம் வேறு. ஒளிச் சோதனையில் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆய்வாளரின் கீ ‘டக்’கென்று ஒலித்தால், மாணவர் விளக்கைப் பார்த்து அல்ல, அந்தச் சத்தத்தைக் கேட்டே அழுத்துவார். ஒலிக்கு நாம் ஒளியைவிடச் சீக்கிரம் எதிர்வினை செய்கிறோம், அதனால் விடை குறைந்துவிடும். கீயின் அடியில் ஃபெல்ட் துண்டு வையுங்கள்.

பித்தளைக்குப் பாலிஷ் போட வேண்டாம். உலர்ந்த மென்துணி போதும். பாலிஷ் பசை கீயின் மூட்டுக்குள் போய் இறுகினால் பிடி தாமதமாக விடும்.

இரண்டு, மூன்று நிற விளக்குகளை வைத்துத் தேர்வு எதிர்வினை (எரியும் நிறத்துக்கு ஏற்ப எதிர்வினை மாறும் சோதனை) செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். இந்தக் கருவி 0.80 விநாடிக்கு மேல் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 0.86 விநாடி எடுத்தவருக்கும் மூன்றாவது அலைவிலேயே ஊசல்கள் சேர்ந்துவிடும், 0.06 என்று எழுதிவிடுவார்கள். மனிதரால் 0.06-ல் அழுத்த முடியாது. நீள ஊசல் ஒரு முழு அலைவை முடிப்பதற்குள் குட்டை ஊசல் கிளம்பியதா என்று பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். கிளம்பவில்லை என்றால் வந்த விடையோடு 0.80-ஐக் கூட்டிக்கொள்ளலாம்.