கண், பல், வாய்

வணக்கம் ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு பக்கத்து ஆரம்பப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் ஐந்தாறு வடநாட்டுப் பிள்ளைகள், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார் ஒருவர். தமிழைத் தவிர வேறு வார்த்தையே வகுப்பில் வரக்கூடாது என்கிறார் இன்னொருவர். நீங்கள் ஏற்காட்டில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான், அதனாலோ என்னவோ இது மனதை உறுத்துகிறது.

எஸ்., அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள எஸ்.,

நானும் ஆரம்பத்தில் ‘இந்திக்காரப் பிள்ளைகள்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஒரு சிறுமிதான் புரியவைத்தாள்.

காப்பிப் பழம் பறிக்கிற சீசனுக்கு ஜார்க்கண்டிலிருந்து குடும்பமாக வருகிறார்கள், பாதி வருஷத்தில், மார்கழிப் பனியில், பிள்ளை வகுப்புக்குள் வந்து உட்காருகிறது. இவளுக்கு ஏழு வயது இருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் என்ன கேட்டாலும் வாய் திறக்கமாட்டாள், மந்தம் என்று பேச்சே வந்துவிட்டது. அன்றைக்கு உடல் உறுப்புகள் பாடம். என் கண்ணைத் தொட்டு ‘கண்’ என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், தன் கண்ணைத் தொட்டுக்கொண்டாள், தொண்டைக்குள்ளிருந்து காற்று உரசிக்கொண்டு வர ‘ஃகன்’ என்றாள். பல்லைத் தொட்டேன். நான் சொல்வதற்கு முன்னாலேயே ‘பல்’ என்றாள். வாய்க்கு ‘பாய்’. மூன்று விரல் காட்டினால் ‘மூந்த்’.

சாயங்காலம் மேஸ்திரியை நடுவில் வைத்து அவள் அப்பாவிடம் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். ‘இந்தி’ என்றார், கேட்கிற எல்லாருக்கும் அதைச் சொல்லியே பழகிப்போயிருக்கிறது. இவள் அம்மாவோடு என்ன பேசுவாள் என்று திரும்பக் கேட்டபிறகுதான், கொஞ்சம் தயங்கி, ‘குருக்’ என்றார். ஒராவோன் மக்களின் மொழி, நம் திராவிடக் குடும்பம், பலுசிஸ்தானத்தில் பேசும் பிராகுயிக்குப் பக்கத்துச் சொந்தம். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் அதைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதை யாரிடம் சொன்னாலும் ‘அட, தமிழ் மாதிரியே இருக்கே’ என்று பூரித்துப்போகிறார்கள். எனக்கும் பூரிப்புதான். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் சந்தாலி பேசுகிறவன். அவனுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்பது ‘மித், பார், பே’. தண்ணீர் ‘தாக்’, சோறு ‘தாகா’. நமக்கும் ஒட்டாது, இந்திக்கும் ஒட்டாது, அது ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம், ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி என்ற தனி எழுத்தே அதற்கு இருக்கிறது. சொந்தக்கார மொழி என்று அவளைக் கொண்டாடிவிட்டு இவனைச் சும்மா உட்காரவைத்தால் அது என்ன நியாயம்?

அதனால் இந்தி தெரிந்தவரை வைக்கும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இன்னொரு வெளிமொழி, தெரியாத ஒன்றை வைத்துத் தெரியாத இன்னொன்றைச் சொல்லிக்கொடுப்பதுதான் மிச்சம்.

நாங்கள் செய்வது சாதாரண வேலை. சார்ட்டில் படம் ஒட்டி, கீழே தமிழ்ச் சொல்லைப் பெரிதாக எழுதுவோம். பக்கத்தில் பிள்ளைகள் தங்கள் வீட்டில் சொல்வதைத் தமிழ் எழுத்திலேயே எழுதுவோம். முதலில் ஓடிவந்து அவளிடம் வார்த்தை கேட்டவர்கள் எங்கள் மலையாளிப் பிள்ளைகள். (கேரளம் இல்லை, இந்த மலையை ஆள்கிறவர்கள். பேசுவது தமிழ்தான், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.) அவர்கள் பேச்சையே ‘அப்படிச் சொல்லக்கூடாது’ என்று திருத்தித் திருத்தி வகுப்பில் பேசவிடாமல் செய்திருக்கிறோம். இப்போது அவர்கள் சொல்லும் சொல்லும் சார்ட்டில் ஏறுகிறது.

தமிழ் கெட்டுப்போகுமா என்றால், போகாது. இங்கே வாழ்கிற பிள்ளை தமிழ் படித்தே ஆகவேண்டும், 2006இலேயே அதற்குச் சட்டம் இருக்கிறது. பஸ் போர்டு படிக்க, அம்மாவின் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்க, வேறு எதை வைத்துச் சமாளிக்கும்? நான் பார்த்தவரை, தன் வார்த்தை சுவரில் ஏறிய பிறகுதான் அந்தச் சிறுமி தமிழில் வாய் திறந்தாள். ‘தண்ணி வேணும்’ என்பதுதான் அவள் எங்களிடம் கேட்ட முதல் வாக்கியம்.

நீங்கள் சௌராஷ்டிரம் பேசிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குள் போன நாளை நினைத்துப் பாருங்கள், எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அப்புறம், அந்த ஐந்தாறு பேரின் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், ‘இந்தி பேசுவீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், ஆமாம் என்றுவிடுவார்கள். குருக்கோ சந்தாலியோ இருந்தால் எழுதுங்கள், பிள்ளைகள் சொல்லிச் சேர்த்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, நகல் எடுத்து அனுப்புகிறேன்.